‘சிறுவர் உளவியலாளர்’ என்று பலகை போடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் திருகோணமலை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊடாகப் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் உளவியல் ஹானர்ஸ் பட்டம் எடுத்திருக்கிறீர்கள். அதற்கு மேல் ஓராண்டு ‘சிறுவர், கட்டிளமைப் பருவ உளவியல்’ டிப்ளோமா ஒன்றும் செய்திருக்கிறீர்கள். இப்போது உப்புவெளியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சிறுவர் உளவியலாளர் என்று பலகை போட்டுப் பிள்ளைகளைப் பார்க்க யோசனை. எங்கே பதிய வேண்டும், அந்த டிப்ளோமாவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், பதிவுள்ள ஒருவர் அறிக்கையில் கையொப்பம் வைத்துத் தந்தால் போதுமா என்றும் ஒரு வரி. இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது: திரும்பவும் கொழும்புக்குப் போய் ஆண்டுக்கணக்கில் படிக்காமல், சொந்த ஊரில், ‘நீ யார் இதைச் சொல்ல?’ என்று யாரும் கேட்காதபடி இந்த வேலையைச் செய்ய முடியுமா? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் சிகிச்சை உளவியலாளர். வேலையின் பெரும்பகுதி கிழக்கில்தான், பிள்ளைகளோடும் அவர்களைக் கூட்டிவரும் அம்மம்மாமாரோடும். சட்டத்தரணி அல்ல. ஆகவே சட்டம் பற்றி நான் சொல்வதைத் தொழில் செய்கிற ஒருவரின் விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்காவது காசு கட்டப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் உரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் ‘சிறுவர் உளவியலாளர்’ என்ற பெயரில் யாரையும் பதிகிற இடம் இல்லை. உளவியலாளர் எல்லோருக்கும் பொதுவான சட்டபூர்வப் பதிவும் இல்லை. சட்டத்தின் கீழ்ப் பதிவு இருப்பது சிகிச்சை உளவியலாளருக்கு. அதுவும் இலங்கை மருத்துவச் சபையில். வைத்தியர்களைப் பதிகிற அதே சபைதான். அங்கே போகிற வழக்கமான பாதை கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சை உளவியல் எம்.பில். பட்டம். வைத்தியசாலைப் பயிற்சியோடு சேர்ந்த படிப்பு, ஆங்கிலத்தில் நடப்பது, எடுப்பதோ மிகக் குறைந்த தொகையினரை. உள்ளே போக நல்ல உளவியல் பட்டம் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. அதனால் பாதை மூடிக் கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். நீளமான பாதை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவைப் பெற்ற பிறகும் ‘சிறுவர்’ என்ற அடைமொழியைச் சபை தருவதில்லை. என் பதிவிலும் அது இல்லை. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர் என்று என்னை ஊர் அறிவது நான் செய்த பயிற்சியாலும் பார்த்த வேலையாலும்தான். வைத்தியர்கள் பக்கம் நிலைமை வேறு: சிறுவர், கட்டிளமைப் பருவ உளமருத்துவம் அங்கே தனி நிபுணத்துவம், பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகத்தில் தனிப் பயிற்சி உண்டு. பெற்றோர் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். உங்கள் அறைக்கு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேராவது ‘டொக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாளே திருத்திவிடுங்கள். திருத்தாமல் விடுவது வசதியாக இருக்கும், ஆனால் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்படியானால் பதிவில்லாமல் உளவளத்துணை (கவுன்சலிங்) செய்வது குற்றமா? இல்லை. பிள்ளையோடு உட்கார்ந்து கதைப்பதற்கும், தாய்க்கு வழி சொல்வதற்கும் உரிமம் கேட்கிற சட்டம் எதுவும் இங்கே இல்லை. உங்களைப் போன்ற ஒழுங்காகப் படித்தவர் தொடங்க முடிவது அதனால்தான். வார இறுதிப் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய் வந்தவர் தொடங்க முடிவதும் அதனால்தான். சிகிச்சை உளவியலாளர் என்று பதிவில்லாமல் போட்டுக்கொள்வது, நோய்நிர்ணயம் செய்து சிகிச்சை தருவதாகக் காட்டிக்கொள்வது, இவை வேறு விடயம்; அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தொழில்சார் சங்கங்கள் இருக்கின்றன: இலங்கை உளவியல் சங்கம், இலங்கைத் தேசிய உளவளத்துணையாளர் சங்கம். அங்கத்துவத்துக்குத் தகுதி கேட்பார்கள், ஒழுக்கக் கோவை இருக்கும், கூடவே வேலை செய்கிறவர்களைச் சந்திக்கலாம். சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சங்க அங்கத்துவம் உரிமம் ஆகாது. ‘சங்கத்தில் பதிந்தவர்’ என்பதைச் ‘சட்டத்தில் பதிந்தவர்’ என்று பெற்றோர் விளங்கிக்கொள்ளும்படி எழுதக் கூடாது.

சரி, டிப்ளோமா. விளம்பரத்தில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று இருந்தால் கேட்க வேண்டியது இரண்டு: யார் அங்கீகரித்தது, எதற்காக? இலங்கைத் தகைமைச் சட்டகம் கல்வியைப் 12 மட்டங்களாகப் பிரித்திருக்கிறது. சாதாரண தரம் 1, உயர்தரம் 2, டிப்ளோமா 3, உயர் டிப்ளோமா 4, பொதுப் பட்டம் 5, ஹானர்ஸ் பட்டம் 6. பட்டப்பின் டிப்ளோமா 8இல் வருகிறது, எம்.பில். 11இல். உங்கள் டிப்ளோமா உயர்தரம் முடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது பட்டப்பின் டிப்ளோமாவாக இருக்க வழியில்லை. உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற பட்டத்துக்குக் கீழேதான் நிற்கும். அதில் நீங்கள் கற்றது வீண் என்று சொல்லவில்லை. விளையாட்டு வழியாகப் பிள்ளையை அணுகுவது, வளர்ச்சிப் படிகள் எல்லாம் படித்திருப்பீர்கள், அறைக்குள் உதவும். தகுதி ஏணியில் அது உங்களை மேலே ஏற்றாது என்பதைத்தான் சொல்கிறேன். நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்தது என்று காட்டினால், அது அந்த நிறுவனத்தைப் பற்றிய பதிவு. படிப்பை முடித்தவர் பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்யலாம் என்ற அனுமதியாக அதை வாசிக்க முடியாது.

பட்டத்துக்கும் இதேபோல இரண்டு படி பார்க்க வேண்டும். அரச வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் பல்கலைக்கழகத்தை ஏற்கிறதா என்பது முதல் படி. அது பொதுவாகப் பிரச்சினை ஆவதில்லை. இரண்டாவது, பிரித்தானிய உளவியல் சங்கம் உங்கள் பாடநெறியைத் தரச்சான்று செய்திருக்கிறதா என்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் சான்று குறித்த பாடநெறிக்கு, குறித்த இடத்தில் நடப்பதற்குத் தரப்படுவது. தாய்ப் பல்கலைக்கழகத்தில் அதே பெயரில் நடக்கும் பட்டத்துக்குச் சான்று இருந்தாலும் கொழும்பில் நடத்தியதற்கு இல்லாமல் போகலாம். சங்கத்தின் இணையத்தளத்தில் தேடலாம். பத்து நிமிட வேலை. நாளைக்கு லண்டனில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வெளிநாட்டில் இதெல்லாம் ஒழுங்காக இருக்கும், நமக்குத்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். பிரித்தானியாவில் 2009ஆம் ஆண்டிலிருந்து சட்டம் காக்கிற உளவியல் பட்டப்பெயர்கள் இருக்கின்றன: சிகிச்சை உளவியலாளர், கல்வி உளவியலாளர், உளவளத்துணை உளவியலாளர் என்று ஒரு பட்டியல். பதிவில்லாமல் அவற்றைப் போட்டால் குற்றம். ஆனால் வெறும் ‘உளவியலாளர்’ என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ‘சிறுவர் உளவியலாளரும்’ இல்லை. அங்கே பாடசாலைப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர் கல்வி உளவியலாளர், இங்கிலாந்தில் அதற்கு மூன்று ஆண்டுக் கலாநிதிப் பயிற்சி வேண்டும். அவுஸ்திரேலியா 2010இல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவைக் கொண்டுவந்தது. அங்கே ‘உளவியலாளர்’ என்ற சொல்லே பதிவுள்ளவருக்கு மட்டும். அதற்கு மேல் ‘கல்வி, வளர்ச்சி உளவியல்’ என்று விசேட ஒப்புதல் ஒன்று தனியாகப் பெறலாம். அமெரிக்காவில் உரிமம் தருவது மாநிலம். சிறுவர், கட்டிளமைப் பருவச் சிகிச்சை உளவியலில் விசேடச் சான்று என்பது உரிமத்துக்குப் பிறகு, விரும்பினால் எடுத்துக்கொள்வது. சிறுவர் பகுதியைச் சட்டத்திலேயே தனித் தொழிலாக வைத்த நாடு ஜேர்மனி. 1999இல் வந்த சட்டம் ‘சிறுவர், இளையோர் உளச்சிகிச்சையாளர்’ என்று தனி உரிமமே கொடுத்தது. 2020இல் அதை மாற்றி, முதலில் எல்லோருக்கும் ஒரே உரிமம், சிறுவர் பகுதி அதற்குப் பிறகான விசேட பயிற்சியில் என்று ஆக்கினார்கள். ஜேர்மனியில் இருக்கிற சொந்தக்காரர் ‘இங்கே சிறுவருக்குத் தனி லைசென்ஸ் இருக்கே’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது பிழையில்லை, பழைய சட்டத்தைச் சொல்லியிருக்கிறார்.

இந்த நாடுகளைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கும் அடித்தளம் ஒன்றுதான்: பொதுவான உளவியல் பட்டம், பிறகு மேற்பார்வையோடு நோயாளரைப் பார்த்த பயிற்சி, பிறகு பதிவு. ‘சிறுவர்’ என்பது அதற்கு மேல் வருகிறது, அல்லது பயிற்சிக்குள் வருகிறது. அடித்தளம் போடாமல் சிறுவர் என்ற மேல்மாடியை மட்டும் ஓராண்டில் கட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அவர் விற்பது சான்றிதழ். உலகத்தின் முதல் உளவியல் கிளினிக் என்று வரலாறு சொல்வது 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கியது. அங்கே முதலில் வந்தது எழுத்துக்கூட்டத் தெரியாமல் திணறிய ஒரு பிள்ளை. பிள்ளைகளைப் பார்ப்பது இந்தத் தொழிலின் கடைசிக் கிளை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இந்தியாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், மொழி ஒத்துவரும் என்பதால். அங்கே சிகிச்சை உளவியலாளர் பதிய வேண்டியது இந்திய மறுவாழ்வுக் குழுவில். 1992ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு தருகிற படிப்புகள் குறிப்பிட்ட நிறுவனங்களில் மட்டும்: பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் என்ற தேசிய உளநல நிறுவனம், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கிற பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் போன்றவை. புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு இந்தியாவில் எம்.பில். பட்டமே நிறுத்தப்பட்டது, சிகிச்சை உளவியலுக்குத் தற்காலிகமாகத்தான் கால நீடிப்புக் கொடுத்தார்கள். ஆகவே நீங்கள் சேரப்போகிற ஆண்டில் எந்தப் பெயரில் அந்தப் படிப்பு நடக்கிறது என்பதை நேரே நிறுவனத்திடம் கேளுங்கள். தபால் வழியில் எடுக்கும் உளவியல் எம்.எஸ்சி. பட்டத்துக்கு அங்கேயே இந்தப் பதிவு கிடையாது. இங்கே வந்து அதைக் காட்டிப் பதிவு கேட்பதில் பயனில்லை.

இனி நிச்சயமில்லாத பகுதி. வெளிநாட்டில் எடுத்த சிகிச்சை உளவியல் முதுமாணிக்கு இங்கே மருத்துவச் சபை பதிவு தருமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பயிற்சி மணித்தியாலம், யார் மேற்பார்வை, படித்த நாட்டிலேயே பதிவு பெற்றாரா என்று ஒவ்வொரு விண்ணப்பமும் வேறு வேறாக இருக்கும். ‘எங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது’ என்று நிறுவன முகவர் சொல்வதை நம்பிப் படிக்கப் போகாதீர்கள். உளவியலாளருக்குத் தனிச்சட்டம் வரப்போகிறது என்ற பேச்சும் அப்படித்தான், ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தால் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்கு இடைக்கால வழி ஏதாவது வைப்பார்கள் என்பது என் ஊகம், ஊகம் மட்டும். அந்த நாளில் உதவப்போவது நீங்கள் இன்றிலிருந்து எழுதிவைக்கும் மேற்பார்வைப் பதிவேடு. எந்தத் திகதி, எவ்வளவு நேரம், யாரிடம், என்ன மாதிரியான பிரச்சினை பற்றி. பிள்ளையின் பெயர் இல்லாமல், மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு. ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி போதும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோன்றலாம். ஒன்றைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். வகுப்பில் சொன்னதைச் செய்யமாட்டான், திரும்பிப் பார்க்கமாட்டான், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுவான். தகப்பன் ஓர் அறிக்கையை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். வர்ணத்தில் அச்சடித்த கடிதத் தலைப்பு, மேலே மூளைப் படம், கீழே வட்ட முத்திரை. ஒரே ஒரு சந்திப்பில் ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, கடுமையானது’ என்று முடிவு. அதற்குப் பெரிய தொகை வாங்கியிருந்தார்கள். பாடசாலை அந்த அறிக்கையை ஏற்கவில்லை. தகப்பனுக்கோ தன் பிள்ளைக்கு மூளையில் நோய் என்று பயம். பையனை இடது பக்கம் நின்று மெல்லக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. வலது பக்கம் வந்து கூப்பிட்டேன், உடனே பார்த்தான். காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கு ஒரு கடிதம். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் தேங்கியிருந்தது. கேட்டல் சோதனையில் தெரிந்தது. அந்த அறிக்கை எழுதியவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கற்றல், நடத்தைப் பிரச்சினை என்று வருகிற பிள்ளைக்குக் காதும் கண்ணும் முதலில் பார்க்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் ஒருவர் நாலு தரம் பேசியிருந்தால் அவர் அதை மறந்திருக்கமாட்டார். பதிவு என்பதன் பயன் இதுதான்: பிழை விட்டால் கேட்க ஓர் இடம், பிழை விடாமல் பழக்க ஒரு ஆள்.

சோதனைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெக்ஸ்லர் சிறுவர் நுண்ணறிவுச் சோதனை 1949இல் முதலில் வந்தது. இப்போது புழக்கத்தில் இருக்கிற ஐந்தாம் பதிப்பு 6 முதல் 16 வயது வரைக்கும். வெளியீட்டாளர் அதைத் தகுதி காட்டுகிறவருக்குத்தான் விற்பார். போட்டோக் கொப்பி கிடைக்கும், ஆனால் தொடாதீர்கள். சட்டப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும். அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து வகுத்த அளவுகளை எடுத்து, சொற்களை நாமாகத் தமிழாக்கி, மூதூரில் இருந்து வந்த ஒரு பிள்ளைக்குப் போட்டு ‘நுண்ணறிவு ஈவு 74’ என்று எழுதினால், அந்த 74க்கு எந்தப் பெறுமதியும் இல்லை. ஆனால் அந்தக் கடதாசி பிள்ளையின் கோப்பில் பத்து வருடம் கிடக்கும். உங்கள் நிலையில் பயன்படக்கூடியது ‘பலங்களும் இடர்ப்பாடுகளும்’ வினாக்கொத்து: ரொபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டது, 25 வாக்கியங்கள், தமிழிலும் இருக்கிறது, பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பலாம். அது வடிகட்டி மட்டுமே. ‘இந்தப் பிள்ளையை இன்னொருவர் பார்க்க வேண்டும்’ என்று சொல்லத்தான் அது உதவும். நோயின் பெயர் சொல்ல உதவாது.

திருகோணமலையில் இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் இங்கே வந்த நிறுவனங்கள் சில நாள், சில கிழமைப் பயிற்சிகளோடு எத்தனையோ பேரை உளசமூகப் பணியாளர் ஆக்கின. அவர்களில் அருமையான ஆட்கள் இருந்தார்கள். குச்சவெளியிலும் வெருகலிலும் வீடு வீடாகப் போனவர்கள் அவர்கள்தான். திட்டம் முடிந்ததும் சம்பளம் நின்றது, சான்றிதழ் மட்டும் கையில் மிஞ்சியது. அதை வைத்துப் பலகை போட்டவர்களும் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவுகிற ஒரு வரைபடம் 2007இல் ஐ.நா. முகவரகங்களும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட அவசரகால உளநல வழிகாட்டியில் இருக்கிறது. நான்கு அடுக்குக் கூம்பு. அடியில் பாதுகாப்பும் அடிப்படைச் சேவைகளும். அதற்கு மேல் குடும்பத்தின், சமூகத்தின் ஆதரவு. அதற்கு மேல் பயிற்சி பெற்றவர் தருகிற குறித்த உதவி. உச்சியில் நிபுணர் சேவை. நீங்கள் இன்று நிற்பது மூன்றாவது அடுக்கில். இந்த மாவட்டத்தில் ஆள் பற்றாக்குறை அங்கேயும் கடுமையாக இருக்கிறது. அதைக் குறைவான இடம் என்று நினைத்து உச்சி அடுக்கின் பெயரைப் போட்டுக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை.

அந்த அடுக்கில் சம்பளத்தோடு வேலை செய்யும் இடங்களும் இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் பதவிகள் உண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் மாவட்டப் பணிகள் உண்டு, பாடசாலைகளில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் என்ன தகைமை கேட்டிருக்கிறதோ அதுதான் அங்கே அங்கீகாரம். வேறு விளக்கம் செல்லாது. சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் உளவளத்துணை டிப்ளோமாவை அரச தரப்பில் நன்றாகவே அறிவார்கள். இன்னும் டிப்ளோமாதான் எடுக்கப்போகிறேன் என்றால் அந்தப் பக்கம் பாருங்கள். இதை வாசிக்கிற உயர்தர மாணவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசை, பதிவும் வேண்டும் என்றால் களனிப் பல்கலைக்கழகத்தின் பேச்சு, கேட்டல் விஞ்ஞானப் பட்டத்தையும் யோசியுங்கள். தமிழில் வேலை செய்கிற பேச்சுச் சிகிச்சையாளரைத் தேடிக் கிழக்கில் தாய்மார் படும் பாடு எனக்குத் தெரியும்.

நீதிமன்றம் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளைப் பார்க்கிறவரிடம் ஒரு நாள் அது வரும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விசேட தேர்ச்சி உள்ளவரின் அபிப்பிராயத்தை ஏற்க இடம் தருகிறது. யாருக்கு அந்தத் தேர்ச்சி இருக்கிறது என்பதை முடிவு செய்வது நீதிபதி. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்பது உங்கள் பதிவிலக்கத்தைத்தான். பெற்றோர் பிரிந்து பிள்ளை யாரிடம் என்ற வழக்குகளில் ஒரு தரப்பு வந்து ‘பிள்ளை என்னோடு இருக்கத்தான் விரும்புது எண்டு ஒரு கடிதம் தாங்கோ’ என்று கேட்கும். கொடுக்காதீர்கள். பிள்ளை துஷ்பிரயோகம் பற்றி வாய் திறந்தால், அது சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள், கூடுதலாகக் கேள்வி கேட்டுத் துருவாதீர்கள், சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். பொலிஸ் சிறுவர், பெண்கள் பிரிவும் சட்ட வைத்திய அதிகாரியும் கேட்க வேண்டியதை நாம் முன்கூட்டியே நாலு தரம் கேட்டால் பிள்ளையும் நோகும், வழக்கும் கெடும்.

ஆக, அறையைத் திறக்கலாமா? திறக்கலாம் என்பதுதான் என் எண்ணம், சில நிபந்தனைகளோடு. பலகையில் உங்கள் பெயர், பட்டம், பல்கலைக்கழகம், அதற்குக் கீழே ‘உளவளத்துணை: சிறுவர், இளையோர், பெற்றோர்’ என்று போடுங்கள். இது பொய்யில்லாதது, வருகிறவருக்கும் விளங்கும். திறப்பதற்கு முன் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எந்த நாள் சிறுவரைப் பார்க்கிறார்கள், அனுப்பும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சிறிய ஊர் இது. நீங்கள் அனுப்பும் முதல் சில கடிதங்களை வைத்தே உங்களை மதிப்பிட்டுவிடுவார்கள். நல்ல கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது: யார் அனுப்பினார், என்ன முறைப்பாடு, எப்போதிலிருந்து, வீட்டில் எப்படி, வகுப்பில் எப்படி, நித்திரை, சாப்பாடு, நீங்கள் நேரில் கண்டது என்ன, எதற்காக அனுப்புகிறீர்கள். நோயின் பெயர் வேண்டாம். ‘பத்து நிமிடத்தில் ஆறு தரம் எழும்பினான், கதை சொன்னபோது அசையாமல் இருந்தான்’ என்று எழுதினால் அது நிபுணருக்கு உதவும்.

மேற்பார்வைக்கு மருத்துவச் சபைப் பதிவுள்ள ஒருவரைப் பிடியுங்கள். திருகோணமலையிலேயே கிடைக்காவிட்டால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ளவரோடு சூம் வழியாக மாதம் இரண்டு தரம் என்றாலும் போதும், தொடக்கத்துக்கு. காசு கொடுத்துத்தான் செய்ய வேண்டும், அதைக் கட்டணத்தில் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அறைக் கதவில் கண்ணாடிச் சட்டம் ஒன்று வையுங்கள்: வெளியே கதை கேட்கக் கூடாது, ஆனால் பிள்ளையோடு நீங்கள் இருப்பது தெரிய வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் எழுத்து மூல சம்மதம் வாங்குங்கள்; பிள்ளையிடமும் கேளுங்கள். எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க முடியாது என்பதை இருவருக்கும் ஒன்றாக இருத்திச் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம், தன்னைத் தானே வெட்டிக்கொள்வது, சாப்பாட்டை நிறுத்துவது, குரல் கேட்பது, இவை வந்தால் அன்றே வைத்தியசாலை. இரவில் அழைக்கத் தேசிய உளநல உதவி இலக்கம் 1926ஐச் சந்திப்பு அட்டையின் பின்னால் அச்சிட்டுக் கொடுங்கள். இதற்கிடையில் எம்.பில். விண்ணப்ப அறிவித்தலைக் கண்ணில் வைத்திருங்கள். இங்கே பிள்ளைகளோடு மேற்பார்வையில் வேலை செய்த ஒருவர் நேர்முகத் தேர்வில் பேசுவதற்கும், புத்தகம் மட்டும் படித்து வந்தவர் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கும்.

கடைசியாக அந்தக் கையொப்பம். போதாது. பதிவுள்ளவர் பிள்ளையை நேரில் பார்த்து, தன் மதிப்பீட்டைத் தானே எழுதினால் அது அவருடைய அறிக்கை. உங்கள் அவதானத்தை அதில் மேற்கோள் காட்டலாம், உங்கள் பெயரையும் போடலாம். பார்க்காத பிள்ளையின் அறிக்கைக்குக் கையொப்பம் வைக்கிறேன், ஓர் அறிக்கைக்கு இவ்வளவு தாருங்கள் என்று யாராவது சொன்னால், மேற்பார்வைக்கும் அவரிடம் போகாதீர்கள். பாடசாலைக்கோ பரீட்சைச் சலுகைக்கோ அறிக்கை வேண்டும் என்று பெற்றோர் வந்தால், யாருடைய கையொப்பத்தை ஏற்பார்கள் என்று முதலில் அதிபரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.